துக்கம் காக்கும் கைகள்: டோரிஸ் சால்செடோவின் சிற்பங்களும் காட்சிப்படுத்தலின் சிக்கலும்

ஆய்வுச்சுருக்கம்

கொலம்பியச் சிற்பி டோரிஸ் சால்செடோவின் படைப்புகளை ‘இன்மையின் சிற்பங்கள்’ என்று விளக்குவது திறனாய்வில் வழக்கமாகிவிட்டது. இவ்விளக்கம் படைப்பின் முடிந்த வடிவத்தை மட்டுமே கணக்கில் கொள்கிறது. அவற்றை உருவாக்கச் செலவிடப்பட்ட கையுழைப்பைத் துக்கம் காக்கும் செயலாகக் கொண்டு நோக்கினால், அவருடைய கண்காட்சிகளை மதிப்பிட வேறோர் அளவுகோல் கிடைக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். அவ்வளவுகோலுக்கு உட்பட மறுக்கும் படைப்புகளும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சால்செடோ, கொலம்பியா, சிற்பம், நிறுவல் கலை, துக்கம், எதிர்-நினைவுச்சின்னம், காணாமலாக்கப்பட்டோர்

முன்னுரை

கொலம்பியாவின் உண்மை ஆணையம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட இறுதி அறிக்கை, 1985க்கும் 2016க்கும் இடைப்பட்ட காலத்தில் 1,21,768 பேர் வலிந்து காணாமலாக்கப்பட்டதாகக் கணக்கிடுகிறது. கெரில்லாக்கள், துணை இராணுவக் குழுக்கள், அரசுப் படைகள் ஆகிய மூன்று தரப்பும் பங்கேற்ற போர் அது. கொல்லப்பட்டவருக்கு உடல் உண்டு. உடல் இருந்தால் அடக்கம் உண்டு. அடக்கம் முடிந்தால் துக்கத்திற்கு ஒரு நாள்கணக்கு உண்டு. காணாமலாக்கப்பட்டவரின் வீட்டில் இவை எதுவும் தொடங்குவதே இல்லை. ‘செத்தார்’ என்று சொல்வது துரோகமாகவும் ‘இருக்கிறார்’ என்று சொல்வது பேதைமையாகவும் தோன்றும் ஒரு நிலை அங்கே பல பத்தாண்டுகள் நீள்கிறது.

1958இல் பொகோட்டாவில் பிறந்து, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1984இல் முதுநிலைக் கலைப்பட்டம் பெற்று ஊர் திரும்பிய சால்செடோ, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக இந்த நிலையையே தம் சிற்பங்களின் பொருளாகக் கொண்டு வருகிறார். வன்முறைக்கு உள்ளானவர்களின் குடும்பத்தாரிடம் நெடுங்காலம் பழகி, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் தொகுத்த பின்னரே அவர் ஒரு படைப்பைத் தொடங்குகிறார். தம்மை ‘இரண்டாம் நிலைச் சாட்சி’ என்று அவர் குறிப்பிடுவது இக்காரணத்தாலேயே. ஆனால், கேட்ட கதை எதுவும் சிற்பத்தில் கதையாக வருவதில்லை. குருதி இல்லை, உடல் இல்லை, முகமும் இல்லை. மேசை, நாற்காலி, அலமாரி, கதவு, காலணி, சட்டை ஆகியவையே உள்ளன.

இப்படைப்புகளில் பெரும்பாலானவற்றை இந்தியாவிலிருந்து ஆராயும் ஒருவர் ஒளிப்படங்கள், காணொளிகள், கண்காட்சிப் பட்டியல் நூல்கள் ஆகியவற்றின் வழியாகவே அறிய இயலும். இது ஒரு குறைதான். எனினும் இக்குறையே கட்டுரையின் வினாவைத் தெளிவாக்கியது. ஒளிப்படம் முடிந்த பொருளைக் காட்டுகிறது. அப்பொருளுக்குள் சென்ற மாதங்களையும் ஆண்டுகளையும் அது காட்டுவதில்லை. கண்காட்சிக்கு நேரில் செல்பவருக்கேனும் அவை தெரிகின்றனவா என்பதே வினா.

‘இன்மை’ என்னும் சொல்லின் போதாமை

சால்செடோவைப் பற்றிய எழுத்துகளில் மிகுதியும் பயிலும் சொல் ‘இன்மை’. ஆளில்லாத நாற்காலி ஆளின் இன்மையைச் சுட்டுகிறது; அணிவார் இல்லாத காலணி அணிந்தவரின் இன்மையைச் சுட்டுகிறது. இது தவறன்று. ஆனால், இவ்வளவே என்றால் ஒரு பழைய நாற்காலியை வெற்று அறையில் வைத்தாலே போதுமே. அதில் ஆயிரக்கணக்கான துளைகளையிட்டு மயிரிழைகளைக் கோத்துத் தைக்க வேண்டிய தேவை என்ன?

தமிழில் ‘துக்கம் காத்தல்’ என்றொரு வழக்கு உண்டு. துக்கப்படுதல் வேறு, துக்கம் காத்தல் வேறு. முன்னது ஒருவருக்கு நேர்வது. பின்னது ஒருவர் செய்வது. அதற்குக் காலவரையறை உண்டு, செய்முறை உண்டு, உடனிருந்து செய்ய உறவினரும் ஊராரும் உண்டு. உடல் கிடைக்காத சாவில் முதலில் அழிவது துக்கப்படுதல் அன்று. துக்கம் காப்பதற்கான வழியே அழிகிறது. சால்செடோவின் பட்டறையில் நடப்பதை விளக்க இந்த வழக்கு ‘இன்மை’யைவிட நெருக்கமாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து. கொல்லப்பட்டவருக்காக எவரும் செய்ய முடியாமற்போன காரியத்தின் இடத்தில், வேறு சிலர் கூடியிருந்து, கைகளால், நெடுநேரம், பயன் கருதாமல் ஒரு வேலையைச் செய்கின்றனர்.

தைத்தல்

1992இல் தொடங்கிய ‘அத்ராபிலியாரியோஸ்’ வரிசையில் சுவரில் சிறு மாடங்கள் குடையப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு காலணியோ ஓரிணைக் காலணிகளோ வைக்கப்பட்டன. பெரும்பாலும் பெண்களின் காலணிகள். மாடத்தின் முகப்பு பசுவின் சிறுநீர்ப்பையிலிருந்து பதப்படுத்திய சவ்வினால் மூடப்பட்டு, அறுவைச் சிகிச்சை நூலால் சுவரோடு தைக்கப்பட்டது. வெகுமக்கள் புதைகுழிகளைத் தோண்டும்போது உடல் சிதைந்த பின்னும் அடையாளம் காட்டுவது பெரும்பாலும் காலணியே என்ற செய்தி இதற்குப் பின்னணி. சவ்வுக்குப் பின்னால் காலணி மங்கலாகத் தெரிகிறது. பார்வையாளர் அதைக் கூர்ந்து பார்க்க முயன்று, முழுதாகப் பார்க்க இயலாமல் நிற்கிறார்.

இவ்வளவும் வழக்கமான விளக்கம். ஆனால், கண் முதலில் சென்று தங்குமிடம் காலணி அன்று, கரிய தையல்தான். சுவருக்கும் தோலுக்கும் இடையே போடப்பட்ட தையல் புண்ணை மூடுவதற்குரியது. அதே நூல் பிணக்கூராய்வு முடிந்த உடலையும் மூடும். புண் ஆறுகிறதா, சாவு உறுதிசெய்யப்படுகிறதா என்பதை இத்தையல் சொல்வதில்லை. காணாமலாக்கப்பட்டவரின் வீட்டார் நிற்கும் இடமும் அதுவே. இதனைக் காலணி சொல்லவில்லை, தையல் சொல்கிறது.

‘அன்லாண்ட்’ (1995–98) வரிசையில் இச்செயல் அறிவுக்குப் பொருந்தாத அளவுக்குச் செல்கிறது. இரு வேறு மேசைகளின் பாதிகளை ஒட்டி ஒன்றாக்கி, மரப்பரப்பில் மிக நுண்ணிய துளைகளையிட்டு, அவற்றினூடே மனித மயிரையும் பட்டிழையையும் கொண்டு தைத்தனர். தம் பெற்றோர் கொல்லப்பட்டதைக் கண்ட குழந்தைகளின் சாட்சியங்களே இதற்கு ஊற்று. மரத்தை மயிரால் தைத்து இணைக்க முடியாது. தச்சருக்கு இது தெரியும், சிற்பிக்கும் தெரியும். முடியாதது என்று அறிந்தே செய்யப்படும் வேலை என்பதால்தான் இது கைவினைத் திறனின் காட்சியாகிவிடாமல் சடங்கை ஒத்ததாகிறது.

‘ஆ ஃப்ளோர் டி பியேல்’ (2011–14) பற்றி எனக்குச் சிறிது தயக்கம் உண்டு. சித்திரவதை செய்து கொல்லப்பட்ட, உடலும் கிடைக்காத ஒரு செவிலிக்கான பிணப்போர்வையாக, ஆயிரக்கணக்கான ரோசா இதழ்களை வேதிமுறையில் பதப்படுத்தி, ஒன்றோடொன்று கையால் தைத்து உருவாக்கிய பெரும் விரிப்பு அது. வாடவும் விடாமல், உயிரோடும் இல்லாமல் இதழ்கள் நிற்கின்றன. உழைப்பின் அளவில் அவருடைய மிகக் கடினமான படைப்புகளுள் இதுவும் ஒன்று. ஆனால், தொலைவிலிருந்து பார்க்கும்போது அரங்கின் தரையில் செங்கபில நிறத்தில் மடிந்து கிடக்கும் அப்பரப்பு மிகவும் அழகாக உள்ளது. அருகே சென்று குனிந்து பார்ப்பவருக்கே தையல் தெரியும். குனியாதவர் அழகை மட்டும் எடுத்துச் செல்வார். உழைப்பு தன்னை மறைத்துக்கொள்ளும்போது துக்கம் காத்தல் அலங்காரமாகிவிடும் ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

நாற்காலிகளும் நேரமும்

1985 நவம்பர் 6ஆம் நாள் எம்-19 கெரில்லாக்கள் பொகோட்டாவின் நீதி மாளிகையைக் கைப்பற்றினர். இராணுவம் டாங்கிகளுடன் உள்ளே நுழைந்தது, கட்டடம் எரிந்தது. உச்சநீதிமன்ற நீதிபதிகள் 11 பேர் உட்பட ஏறத்தாழ நூறு பேர் மாண்டனர். சிற்றுண்டிச்சாலைப் பணியாளர் உள்ளிட்ட சிலர் உயிருடன் வெளியே கொண்டுவரப்பட்ட பின் காணாமற்போயினர். எரிந்த கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டு, அதே இடத்தில் புதிய மாளிகை எழுந்தது. நடந்ததற்கான தடயம் சதுக்கத்தில் இல்லாமற்போனது.

பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு, 2002இல் அதே நாள்களில், முற்றுகையில் முதல் உயிர் பறிபோன நேரத்தில் தொடங்கி, புதிய மாளிகையின் கூரையிலிருந்து மர நாற்காலிகள் ஒவ்வொன்றாகச் சுவரையொட்டி இறக்கப்பட்டன. 53 மணி நேரத்தில் 280 நாற்காலிகள். ‘நவம்பர் 6, 7’ எனப்பட்ட இந்நிகழ்வுக்கு அரங்கம் இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை, விளக்கப் பலகையும் இல்லை. அலுவலகத்திற்குச் செல்பவர்களும் புறா மேய்ப்பவர்களும் நிமிர்ந்து பார்த்தனர். நாற்காலிகள் வேகமாகவும் இறங்கவில்லை, சீராகவும் இறங்கவில்லை. சில நேரம் ஒன்று தனித்துத் தொங்கியது. சில நேரம் பல நெருங்கி வந்தன. முடிந்ததும் எல்லாம் அகற்றப்பட்டன.

இதில் பார்வையாளர் பெறுவது ஒரு பொருளை அன்று, ஒரு கால அளவை. சாவு நிகழ்ந்த நேரத்தோடு தம் அன்றாட நேரத்தைச் சிறிது பகிர்ந்துகொள்ளும்படி நகரம் கட்டாயமின்றி அழைக்கப்பட்டது. பட்டறைக்குள் மறைந்திருந்த உழைப்பு இங்கே கூரையின் விளிம்பில் நின்றது. அடுத்த ஆண்டு இஸ்தான்புல் ஈராண்டுக் காட்சியில், இரு கட்டடங்களுக்கு இடையிலான வெற்றிடத்தில் 1,550 நாற்காலிகளை அடுக்கிச் சமதளமான சுவர்போல் நிறுத்தியது உலகெங்கும் புகழ்பெற்றது. ஒளிப்படத்தில் அதுவே மிகவும் எடுப்பாகத் தோன்றும். ஆயினும் ‘நவம்பர் 6, 7’ஐ விட அது குறைவானதே என்பேன். அங்கே அடுக்கி முடித்த குவியல் இருக்கிறது. அடுக்கிய நேரம் இல்லை.

2016 அக்டோபர் 2இல் நடந்த பொதுவாக்கெடுப்பில், அரசுக்கும் பார்க் கெரில்லா அமைப்புக்கும் இடையிலான அமைதி ஒப்பந்தம் அரை விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாட்டில் தோற்றது. ஒன்பது நாள்கள் கழித்து, பொகோட்டாவின் பொலிவார் சதுக்கத்தில் போரில் மாண்ட ஏறத்தாழ 1,900 பேரின் பெயர்கள் சாம்பலால் எழுதப்பட்ட வெள்ளைத் துணிகள் விரிக்கப்பட்டன. தன்னார்வலர்கள் தரையில் அமர்ந்து அவற்றை ஒன்றோடொன்று தைத்தனர். ‘சுமாண்டோ அவுசென்சியாஸ்’ (இன்மைகளைக் கூட்டுதல்) என்பது இதன் பெயர். இருபத்தைந்து ஆண்டுகள் பட்டறையில் நடந்த தையல் முதன்முறையாக முகம் தெரியாத நகரத்தாரின் கைக்கு வந்தது. ஊசி பிடித்தவர் ஒருவரின் மங்கிய பெயருக்கு மேல் குனிந்திருக்க வேண்டியிருந்தது. சாம்பல் விரலில் ஒட்டியது. குறைகளும் உண்டு. சதுக்கத்தில் அமைதி கோரிக் கூடாரமிட்டிருந்தவர்கள் இப்பணிக்காக இடம்பெயர வேண்டியிருந்தது விமர்சனத்துக்கு உள்ளானது. அவ்விமர்சனம் நியாயமானதே: துக்கம் காக்க வந்த கலை, ஏற்கெனவே அங்கே காத்திருந்தவர்களை ஒதுங்கச் சொல்வது ஒரு முரண்தான்.

பிளவும் நீரும்: மறைக்கப்பட்ட கைகள்

இவ்வளவுகோலுக்கு உட்பட மறுக்கும் படைப்பு ‘ஷிபோலெத்’. இலண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் டர்பைன் மண்டபத் தரையில், 2007 அக்டோபர் முதல் 2008 ஏப்ரல் வரை 167 மீட்டர் நீளத்துக்கு ஒரு பிளவு ஓடியது. மயிரிழையாகத் தொடங்கி, கால் நுழையும் அகலத்துக்கு விரிந்தது. எப்படிச் செய்தீர்கள் என்ற வினாவுக்குச் சால்செடோ விடையளிக்க மறுத்தார். பிளவு எதைக் குறிக்கிறது என்பதே பேசப்பட வேண்டும் என்றார்.

தலைப்பு விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூலிலிருந்து வந்தது. யோர்தான் ஆற்றின் துறைகளில் தப்பியோடுவோரை நிறுத்தி இச்சொல்லைச் சொல்லச் செய்து, ‘ஷ’ ஒலி வராமல் ‘ச’ என்று தொடங்கிய எப்பிராயீமியர் 42,000 பேரை வெட்டினார்கள் என்பது அக்கதை. இத்தலைப்பைத் தமிழில் எழுதவே நமக்குக் கிரந்த எழுத்து வேண்டியிருக்கிறது. தனித்தமிழ் முறையில் ‘சிபோலெத்து’ என எழுதுபவர் அந்த ஆற்றுத் துறையில் தோற்றவர். இது வேடிக்கைக்காகச் சொல்வதன்று. 1983 ஜூலையில் கொழும்பில் வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைச் சொல்லச் செய்து, அதன் முதலெழுத்தின் ஒலிப்பைக் கொண்டு தமிழரை இனங்கண்டார்கள் என்ற சாட்சியங்கள் உள்ளன. ஆகவே தலைப்பின் பொருள் தமிழ் வாசகருக்கு அகராதி பார்த்து அறிய வேண்டிய ஒன்றன்று.

ஆனால் தலைப்பின் கனத்தைப் பிளவு தாங்குகிறதா? ஐரோப்பாவுக்குள் வரும் குடியேறிகளை நிறுத்திவைக்கும் எல்லையும் இனவெறியும் நவீனத்துவத்தின் அடித்தளத்திலேயே உள்ள விரிசல்கள் என்பது கருத்து. அது வலிமையான கருத்து. ஆயினும், கைகள் மறைக்கப்பட்டதால் மக்கள் ‘எப்படி’ என்றே கேட்டார்கள். குழந்தைகள் தாண்டிக் குதித்தார்கள். சிலர் காலிடறி விழுந்த செய்தி நாளிதழ்களுக்குத் தீனியானது. உழைப்பை மறைப்பது கருத்துக்கு இடம் விடும் என அவர் எதிர்பார்த்திருக்கலாம். மறைந்த உழைப்பு வித்தையாகத் தோன்றிவிட்டது. படைப்பின் உண்மையான வலு, காட்சி முடிந்த பின்னர் வெளிப்பட்டது என்பேன். பிளவை நிரப்பி மூடினார்கள். தழும்பு இன்றும் அந்தத் தரையில் தெரிகிறது. அடுத்தடுத்து அம்மண்டபத்தில் காட்சியளிக்கும் எவருடைய படைப்பும் அத்தழும்பின் மேல்தான் நிற்க வேண்டும்.

மத்ரித் நகரின் ரெதிரோ பூங்காவிலுள்ள கண்ணாடி மாளிகையில் 2017இல் காட்சிக்கு வந்த ‘பாலிம்ப்செஸ்ட்’டும் இவ்வகையினதே. ஐரோப்பாவை அடைய முயன்று மத்தியதரைக் கடலிலும் அட்லாண்டிக்கிலும் மூழ்கியவர்களின் பெயர்கள் தரைக்கற்களிலிருந்து நீர்த்துளிகளாகக் கசிந்து, எழுத்தாகத் திரண்டு, மீண்டும் கல்லுக்குள் மறைகின்றன. முன்னர் மாண்டவர்களின் பெயர்கள் மணலால் பதிக்கப்பட்டு அடியில் கிடக்கின்றன. பெயர்களைத் தேடித் தொகுப்பதும் பொறியமைவை உருவாக்குவதுமாகச் சேர்ந்து ஐந்து ஆண்டுகள் ஆயின. அந்தத் தேடலே, எந்த அரசும் செய்யாத கணக்கெடுப்பே, இங்கு உண்மையான துக்கம் காத்தல். அரங்கில் அது தெரியவில்லை, தெரிவது நீர். கண்ணீரை நினைவூட்டும் நீர் அழகாகவும் இருந்துவிட்டால், பெயரை வாசிக்காமலேயே மனம் நெகிழ்ந்துவிட முடியும்.

காட்சியகமும் புல்லும்

2015இல் சிகாகோவின் தற்காலக் கலை அருங்காட்சியகம் அவருடைய முப்பதாண்டுப் படைப்புகளை ஒருங்கே காட்சிப்படுத்தியது; பின்னர் அது நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. சதுக்கங்களிலும் தெருக்களிலும் நிகழ்ந்தவற்றை அரங்குக்குள் கொண்டுவர இயலாததால், அவற்றைப் பற்றி ஓர் ஆவணப்படம் தயாரிக்கப்பட்டது. இந்தப் பிரிவினையே நம் சிக்கலைச் சுருக்கிக் காட்டுகிறது: பொருள்கள் அரங்கில், செயல்கள் திரையில். சிமெண்டு நிரப்பிய அலமாரிகள், கதவுகள், மேசைகள் ஆகியவை வெண்சுவர்களுக்கு இடையே போதிய இடைவெளியுடன் நிற்கும்போது அவற்றின் அமைதி கூடுகிறது. சேகரிப்பாளரின் பொருளாக அவை மாறுவதும் கூடுகிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ‘பிளெகாரியா முடா’ (ஊமை மன்றாட்டு, 2008–10) சவப்பெட்டியின் நீளமுள்ள மேசைகளை இரண்டிரண்டாக, ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்து, இடையே மண்ணை இட்டு உருவாக்கப்பட்டது. மேல் மேசையின் பலகை இடுக்குகளில் புல் முளைத்து வருகிறது. நூற்றுக்கு மேற்பட்ட இத்தகைய இணைகளுக்கு நடுவே பார்வையாளர் ஒடுங்கி நடக்க வேண்டும். வேலை தருவதாக ஏழை இளைஞர்களை அழைத்துச் சென்று கொன்று, கெரில்லாக்கள் என இராணுவம் கணக்குக் காட்டிய ‘பொய் நேர்மறைகள்’ கொலைகள் இதன் முதன்மைப் பின்னணி. 2002க்கும் 2008க்கும் இடையே குறைந்தது 6,402 பேர் இவ்வாறு கொல்லப்பட்டதாக அமைதிக்கான சிறப்பு நீதிமன்றம் 2021இல் அறிவித்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் குழுவன்முறையில் மாண்ட இளைஞரைப் பற்றி அவர் மேற்கொண்ட ஆய்வும் இதில் கலந்துள்ளது.

இப்படைப்பு எந்த நாட்டுக்குச் சென்றாலும் புல்லுக்கு யாரேனும் நீர் தெளித்தாக வேண்டும். ஒளி தர வேண்டும். வாடியதைக் கவனிக்க வேண்டும். மால்மோவிலும் உரோமிலும் அருங்காட்சியகப் பணியாளர்கள், தமக்கு முன்பின் தெரியாத கொலம்பிய இளைஞர்களின் கல்லறைகளை ஒத்த மேசைகளை நாள்தோறும் பேணினர். கண்காட்சி நிறுவனம் வெறும் இடம் தருவதோடு நில்லாமல் காக்கும் வேலையில் பங்கேற்றே ஆக வேண்டும் என்னும் நிபந்தனையைச் சிற்பமே விதிக்கிறது. அரங்கத்துக்குள் அவர் பெற்ற பெரிய வெற்றியாக நான் கருதுவது இதனையே.

ஆயுதத் தரை

அமைதி ஒப்பந்தம், கெரில்லாக்கள் ஒப்படைக்கும் ஆயுதங்களைக் கொண்டு மூன்று நினைவுச்சின்னங்கள் அமைக்கப்பட வேண்டும் என்று வகுத்தது. பொகோட்டாவில் அமையவிருந்ததைச் சால்செடோ ஏற்றார். நினைவுச்சின்னம் எழுப்ப மறுத்தார். ஆயுதத்தை நிமிர்த்தி நிறுத்தினால், என்ன வடிவம் தந்தாலும் அது போரைப் போற்றுவதாகவே முடியும் என்பது அவர் நிலைப்பாடு. ஆகவே 37 டன் ஆயுதங்கள் உருக்கப்பட்டுத் தரையோடுகளாக வார்க்கப்பட்டன. பழைய வீடொன்றின் இடிபாடுகளுக்கு இடையே கண்ணாடிச் சுவர்களுடன் எழுந்த அக்கட்டடம் ‘பிராக்மெந்தோஸ்’ என்னும் பெயரில் 2018 டிசம்பரில் திறக்கப்பட்டது. இதனை அவர் ‘எதிர்-நினைவுச்சின்னம்’ என்கிறார்.

ஓடுகளின் மேற்பரப்பு சமமாக இல்லை. போரில் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்கள் சுத்தியலால் உலோகத் தகடுகளை அடித்தனர். அவ்வடிகளிலிருந்து அச்செடுத்து ஓடுகள் வார்க்கப்பட்டன. இங்கே உழைப்பு மறையவில்லை. ஒவ்வோர் அடியும் குழியாகக் காலுக்குத் தட்டுப்படுகிறது. அதைவிட முக்கியமானது, துக்கம் காக்கும் கைகள் சிற்பியின் உதவியாளருடையவையோ தன்னார்வலருடையவையோ அல்ல, பாதிக்கப்பட்டவர்களுடையவையே. ‘இரண்டாம் நிலைச் சாட்சி’ விலகி நிற்க, முதல் நிலைச் சாட்சிகள் சுத்தியலை எடுத்துக்கொண்டனர். அவர்கள் செய்தது அழுகை அன்று, அடி. துக்கத்தோடு சினமும் படைப்புக்குள் முறையாக நுழைந்தது இதுவே முதன்முறை என்று தோன்றுகிறது.

எனினும் ஒரு வினாவை இத்தரை எழுப்பிவிட்டு மூடாமல் விடுகிறது. இதுவரையிலான பாராட்டுரைகள் அதனைப் போதிய அளவு எழுப்பவில்லை. தகடுகளை அடித்த பெண்கள் ஒரே தரப்பால் வதைக்கப்பட்டவர்கள் அல்லர். கெரில்லாக்களால் வதைக்கப்பட்டவர்களோடு, துணை இராணுவத்தினராலும் அரசுப் படையினராலும் வதைக்கப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். ஆனால், உருக்கப்பட்ட உலோகம் கெரில்லாக்களுடையது மட்டுமே. அதனை உருக்க உலைகள் தந்தது அரசின் படைக்கலத் தொழிற்சாலை. ஒரு படையினனால் சிதைக்கப்பட்ட பெண், அப்படையின் எதிரியிடமிருந்து வந்த இரும்பாக மாறவிருக்கும் அச்சின் மேல் தன் சினத்தை இறக்குகிறாள். அவளைத் தாக்கிய துப்பாக்கி இன்னும் பணியில் இருக்கிறது. ஒப்பந்தத்தின் இச்சாய்வைச் சிற்பி உருவாக்கவில்லை. திருத்தும் அதிகாரமும் அவருக்கு இல்லை. ஆயினும் சாம்பல் நிறமாக, ஒரே சீராகத் தெரியும் அத்தரை இச்சாய்வைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுகிறது. எந்த ஓட்டின் குழி யாருக்கு எதிரான அடி என்பதைப் பார்வையாளரால் பிரித்தறிய முடியாது.

அத்தரை வெறுமையாக விடப்படவில்லை. போர் நீடித்த 53 ஆண்டுகளுக்கு இணையாக, வரும் 53 ஆண்டுகளுக்கு வேறு கலைஞர்களின் படைப்புகள் அதன்மேல் வைக்கப்பட வேண்டும் என்பது திட்டம். இத்தனை நாற்காலிகளையும் மேசைகளையும் காலணிகளையும் காட்சிப்படுத்திய சால்செடோ, தம் நகரத்தில் கட்டியது பிறர் காட்சிப்படுத்துவதற்கான ஒரு தரையை. அவர்களுள் எவரேனும் அந்தக் குழிகளைத் தனித்தனியாக வாசிக்க முற்படுவாரா என்பதற்கு இன்னும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவகாசம் இருக்கிறது.